அளவுக் கம்பி

காலை ஆறரை மணி. ஷெட்டின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வேலை முடியலைன்னா இங்கேயே படுத்துக்குவேன், காலையில டீ கொண்டு வா" என்று கணவர் சொல்லும் நாட்களில் அவள் இந்த நேரத்துக்குத்தான் வருவாள். ஃபிளாஸ்க்கை வாசலில் வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினாள். மூலையில் கட்டில் விரித்தபடி இருந்தது; யாரும் படுத்த அடையாளம் இல்லை. நடுவில், சக்கரம் கழற்றிய பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் மட்டும் செருப்பு.

அவள் அலறவில்லை. அலறினால் நேரம் போய்விடும் என்று ஏனோ தோன்றியது. ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்து அடித்தாள். அது பிடிப்பில்லாமல் சும்மா ஏறி இறங்கியது. குனிந்து, ஜாக்கியை இறக்குவதற்காக அதன் அடியிலிருந்த திருகைத் திருப்பி இறுக்கினாள். மறுபடி அடித்தாள். வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. கை நுழையும் அளவுக்கு இடம் கிடைத்ததும் அவர் கையைத் தொட்டாள். அது ஷெட்டின் தரையைப் போலவே சில்லிட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்மணி. ஒல்லியான உருவம், பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, தூக்கிய வண்டியைத் தாங்குவதற்கான இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் ஓரத்தில் கிடந்ததையும் குனிந்து பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது.

"இங்க என்ன வேலை நடந்துக்கிட்டிருந்துது?"

பதில் சொன்னவர் பெயின்டர். கணவரின் உடன்பிறந்த அண்ணன். ஷெட்டின் ஒரு பாதியில் தம்பி வண்டிகளுக்கு வைத்தியம் பார்த்தார். மறுபாதியில் அண்ணன் அவற்றுக்கு அலங்காரம் செய்தார்.

"பின் ஆக்சில் போயிடுச்சு மேடம். ரெண்டு பின் சக்கரத்தையும் தாங்கற குறுக்குக் குழாய். குழாயே வளைஞ்சு, உள்ள பேரிங் பொடிப் பொடியாயிடுச்சு. பழசைக் கழட்டிட்டு வேற ஆக்சில் மாட்டணும். இதோ தரையில கிடக்கே, இதுதான் மாட்ட வேண்டியது. நேத்துக் காலையில இரும்புக் கடையிலேருந்து வந்துது."

"பழசை இன்னும் கழட்டவே இல்லையே."

"கழட்டத்தான் அடியில போயிருக்கான். ஜாக்கி இறங்கிடுச்சு." பெயின்டர் தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தினமும் பண்ற வேலைதான் மேடம். ஒரு நாள் கவனம் பிசகினா போதும்."

ஓரத்தில் நின்ற ஏட்டு பேனாவை எடுத்தார். "அப்ப, கவனக்குறைவுன்னு போட்டுடலாமா மேடம்?"

"அப்படிப் போடாதீங்க சார்." அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள். "அவர் ஸ்டாண்டு வைக்காம அடியில போக மாட்டார். ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வச்சு, இடுப்பால வண்டியை ஒரு இடி இடிச்சுப் பார்ப்பார். ஆடலைன்னா மட்டும்தான் படுப்பார். பதினேழு வருஷமா பார்க்கறேன். உயிர்தான் போயிடுச்சு. கவனமில்லாதவன்னு சொல்லிப் பேரும் போகணுமா?"

"எல்லா மனைவியும் இப்படித்தான் சொல்வாங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு, குரல் மாறாமல், "அதனால அது பொய்னு ஆயிடாது. ஏட்டய்யா, பேனாவை மூடுங்க. நீங்க ஜாக்கியைத் தொட்டீங்களாம்மா?"

"தொட்டேன். தூக்கணும்ல."

"எப்படித் தூக்கினீங்க?"

சொன்னாள்.

"திருகு திறந்திருந்துதா?"

"திறந்திருந்துது. மூடிட்டுத்தான் அடிச்சேன்."

"லேசாத் திறந்திருந்துதா, நல்லாவா?"

"ஒரு முழுச் சுத்து சுத்தினேன்."

"பழைய ஜாக்கி மேடம்" என்று பெயின்டர் குறுக்கிட்டார். "சீல் தேஞ்சு தானா இறங்கும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"சீல் தேஞ்சா எண்ணெய் கசியும். திருகு தானா சுத்திக்குமா?"

பெயின்டர் ஜாக்கியைக் குனிந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்குள் நடந்தார். எண்ணெய் டின்னைப் பிளந்து செய்த ஒரு தட்டில் டீசல் தார் போலக் கறுத்து நின்றது. அதற்குள் ஒரு கம்பி பிரஷ். குச்சி ஒன்றை எடுத்து அடியில் கிளறினார். குழைந்த சேறு வந்தது. பிறகு தரையில் கிடந்த ஆக்சிலின் அருகே போய் உட்கார்ந்து விரலால் தேய்த்தார். காய்ந்த மண்ணும் பழைய கிரீஸும் பாளம் பாளமாக உதிர்ந்தன. விரலைத் துடைத்துக்கொண்டார்.

மேலே, கனமானதைத் தூக்கும் சங்கிலிக் கப்பி தொங்கியது. கொக்கி வண்டிக்கு நேராக இல்லை. ஆக்சில் கிடந்த பக்கமாகத் தள்ளியிருந்தது. வேலை மேசையில் காகிதத்தில் சுற்றிய நான்கு புதிய யூ-போல்ட்டுகள் இருந்தன.

"இது எதுக்கு?"

"ஆக்சிலை வண்டி அடியில இருக்கற கமான் பட்டையோட சேர்த்துக் கட்டறதுக்கு மேடம். பக்கத்துக்கு ரெண்டு. பழசை மறுபடி போடக் கூடாதும்பான். ஒவ்வொரு தடவையும் புதுசா வளைச்சு வாங்குவான்."

"நான்தான் நேத்து லேத்துப் பட்டறையிலேருந்து வாங்கிட்டு வந்தேன்" என்றாள் அவள்.

மதியத்துக்குள் மூன்று பேரிடம் விசாரணை நடந்தது. அவள் ஷெட்டின் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை, எழுந்துபோக அவளுக்கும் மனமில்லை.

முதலில் பெயின்டர்.

"தம்பிக்கும் உங்களுக்கும் தகராறாமே?"

"ஷெட்டை வித்துடலாம்னு நான் சொன்னேன், மாட்டேன்னு அவன் சொன்னான். மூணு வருஷமா அதே பேச்சு. ஒரே வயித்துல பொறந்துட்டு சண்டை போடாம இருந்தா ஊரு சந்தேகப்படும் மேடம்."

"நேத்து சாயங்காலம்?"

"நாலு மணிக்கு ஒரு காரைக் கொடுக்கப் போனேன். அங்கேயே இருட்டிடுச்சு. நேரா வீடு." அவர் தரையைப் பார்த்தார். "போகும்போது அவன்கிட்ட சொல்லிட்டுக்கூடப் போகல."

அடுத்தவர் பிக்கப்பின் சொந்தக்காரர். நாற்றுப் பண்ணையிலிருந்து செடிகளை வீடு வீடாகக் கொண்டு போகிறவர் என்பதால் செடிக்காரர். சாயங்காலம் ஆறு மணிவாக்கில் வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்.

"உள்ள போனீங்களா?"

"ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்துது. கூப்பிட்டேன், பதில் இல்ல. ஆனா உள்ள சங்கிலி இழுக்கற சத்தம் கேட்டுது. கடகடன்னு. சரி, மும்முரமா இருக்கார், தொந்தரவு பண்ண வேணாம்னு போயிட்டேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வண்டியாலதானே மேடம் இப்படி ஆச்சு."

"சங்கிலிச் சத்தம். நிச்சயமா?"

"என் செடி மேல சத்தியமா."

மூன்றாவது, பக்கத்துத் தெருப் பழைய இரும்புக் கடைக்காரர். அவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த இரும்பையும் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவார். பெரிய உடம்பு. வந்ததும் அவளுக்கு முன்னால் நின்று, "தங்கமான மனுஷன்மா" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"ஆக்சில் நீங்க கொடுத்ததா?"

"என் யார்டுலேருந்து வந்துதுதான். புதுசா வேலைக்குச் சேர்ந்தவன் குவியல்லேருந்து எடுத்துப் போட்டிருக்கான். நான் வெளியூர்ல இருந்தேன், மதியம்தான் வந்தேன்."

"மூணரை மணிக்கு அவர் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கார்."

"ஆமா. பழைய ஆக்சிலைத் திருப்பி எடுத்துக்குவியான்னு கேட்டார். கழட்டினதும் சொல்லுங்கன்னேன். அவ்வளவுதான்."

"சாயங்காலம்?"

"யார்டுலதான் இருந்தேன். நான் எங்க போகப் போறேன், இரும்போட இரும்பா கிடக்கறவன்."

இன்ஸ்பெக்டர் அவர்களை அனுப்பிவிட்டுப் படியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து நாள் பூரா எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க. சின்ன விஷயம், பெரிய விஷயம்னு பார்க்காதீங்க."

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். காலையில் ஆக்சில் வந்தது. கணவர் அவளைப் போனில் கூப்பிட்டார், லேத்துப் பட்டறைக்குப் போய் வரச் சொன்னார். மதியம் சாப்பிட வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு திடீரென்று, "உன் தம்பி கடைசியா வந்துட்டுப் போனது அந்த வருஷம் மழைக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார்.

"தம்பி எங்க இருக்கார்?"

நான்கு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்திருந்தாள்.

"தெரியாது. பிக்கப் லோடு வண்டி ஓட்டினான். ஒரு லோடு செம்புக் கம்பியோட கிளம்பினவன் திரும்பி வரல. வண்டியும் கிடைக்கல. முதலாளி, வித்துட்டு ஓடிட்டான்னு புகார் கொடுத்தார். அப்புறம் நான் கடைக்குப் போனா முதுகுக்குப் பின்னாடி பேசுவாங்க. இப்ப முகத்துக்கு நேராவே பேசறாங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"அவனுக்குத் திருடத் தெரியாது மேடம். என் சீப்பை எடுத்துட்டுப் போனாக்கூட அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி, அக்கா சீப்பு என்கிட்டதான் இருக்கும்பான். சதா விளையாட்டுப் பேச்சு. என் சமையலுக்குத் தனியா ஒரு தீயணைப்பு வண்டி வேணும்பான். அத்தான் என் வண்டிக்கு மோதிரம் போட்டு விட்டுட்டார், இனிமே எனக்குப் பொண்ணு தேடற வேலை மட்டும்தான் பாக்கின்னு சொல்லிச் சிரிப்பான். எதைச் சொல்றான்னு பாதி நேரம் எனக்குப் புரியாது." அவள் நிறுத்தினாள். "ஓடிப்போயிருந்தாலும் ஒரு போன் பண்ணியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு."

"அப்புறம்?"

"போல்ட்டை வாங்கிட்டு மூணு மணிக்கு இங்க வந்தேன். வாசல்லேயே நின்னு வாங்கிக்கிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்துது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு விஷயம் சொல்றேன்னார். அஞ்சு மணிக்குப் போன் பண்ணி, வர முடியாது போல, இங்கேயே படுத்துக்கறேன், நாளைக்குச் சொல்றேன்னார். என்ன விஷயம்னு கேட்டேன். நிச்சயமாத் தெரியாம உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

இன்ஸ்பெக்டர் எழுந்து மறுபடி ஷெட்டுக்குள் போனார்.

மறுநாள் டாக்டரின் அறிக்கை வந்தது. மார்பு நசுங்கியிருந்தது; ஆனால் பின்தலையிலும் ஒரு காயம். கீழே விழுந்தும் பட்டிருக்கலாம், யாராவது அடித்தும் இருக்கலாம். டாக்டர் எந்தப் பக்கமும் சாயவில்லை.

உடல் வந்தது, எல்லாம் முடிந்தது. வீட்டில் சொந்தக்காரர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவசரக்காரன் என்றார் ஒருவர். இந்த வயசில் இவ்வளவு வேலை இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றார் இன்னொருவர். பெயின்டர் வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

"அவன் விட்ட வேலையை முடிச்சுக் கொடுக்கலாம்னு போலீஸ்ல அனுமதி கேட்டேன். அளவாவது பார்க்கறேன்னு சொல்லி, போல்ட்டை ஆக்சில்ல வச்சுப் பார்த்தேன். அந்த லேத்துக்காரனும் சொதப்பி வச்சிருக்கான். ரெண்டு போல்ட் கச்சிதமா உட்காருது. ரெண்டு போல்ட் தொளதொளன்னு ஆடுது. இந்த நேரத்துல அவனைப் போய் என்னன்னு கேக்கறது."

அவள் சமையலறையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

ஆணியில், கரண்டிகளுக்குப் பக்கத்தில், அந்த இரண்டு கம்பி வளையங்களும் தொங்கின.

கணவர் எதையும் எண்ணில் அளப்பதில்லை. எண்ணை மாற்றி எழுதிவிடலாம், கம்பி மாறாது என்பார். ஆக்சில் குழாயைச் சுற்றி ஒரு கம்பியை இறுக்கி முறுக்கி, உருவி எடுத்து, அதையே பட்டறைக்கு அனுப்புவார். அன்றும் இரண்டு கம்பிகள் தந்தார். பையில் போட்டால் நசுங்கிவிடும் என்று வளையல் மாதிரி கைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு நடந்தாள். ஒன்று மணிக்கட்டோடு நின்றது. இன்னொன்று முழங்கை வரை ஏறி ஏறி இறங்கியது. அதை ஒரு விளையாட்டாக நினைத்துக்கொண்டே பட்டறை வரை போனாள்.

திரும்பி வந்து போல்ட்டுகளைக் கொடுத்தபோது, வழக்கம்போலக் கம்பிகளைக் கழற்றி நீட்டினாள். அவற்றைக் குப்பையில் எறிவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு எறியவில்லை. பெரிய வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு அவள் கையைப் பிடித்து, தானே அதை மாட்டிவிட்டார்; சின்னதையும் திருப்பித் தந்தார்.

"இதைத் தொலைச்சிடாதே" என்றார்.

அவள் கம்பிகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கூடத்தில் இருந்தவர்களைக் கடந்து, செருப்பு மாட்டி வெளியே நடந்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இரண்டு வளையங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் சொல்வதை முழுவதும் கேட்டார். பெரிய வளையத்தில் ஓரிடத்தில் கம்பி லேசாக எம்பி, மறுபடி படிந்திருந்தது, ஏதோ ஒரு மேட்டின்மேல் ஏறி இறங்கியது போல. அங்கே நகத்தை வைத்துப் பார்த்தார்.

"லேத்துக்காரர் தப்பு பண்ணல" என்றார்.

"அப்படின்னா?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஷெட்டுக்கு வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். ஒண்ணே ஒண்ணை மட்டும் பார்த்துச் சொன்னாப் போதும்."

மறுநாள் காலை பத்து மணி. ஷெட்டில் பெயின்டர், செடிக்காரர், தராசு, அவள். ஏட்டு வாசலில் நின்றார். வண்டி இப்போது இரண்டு ஸ்டாண்டுகளின்மேல் இருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் வண்டி வேலை தெரியாதவ. நீங்கதான் தீர்த்து வைக்கணும். பெயின்டர், அந்த போல்ட்டுங்களை மாட்டிக் காட்டுங்க."

பெயின்டர் ஆக்சிலின் ஒரு பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளை இறக்கினார். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தன. மறுபக்கம் மற்ற இரண்டை இறக்கினார். அவை குழாயைத் தொடாமல் சரிந்து ஒரு பக்கமாக விழுந்தன.

"லேத்துக்காரன் தப்பு" என்றார் தராசு.

"இருக்கலாம். இந்த ஆக்சில்தானே அன்னைக்கு உங்க யார்டுலேருந்து வந்துது?"

"இதேதான்."

"வேற எதுவும் அனுப்பலையே?"

"ஒரு வண்டிக்கு எத்தனை ஆக்சில் மேடம்?" தராசு சிரித்தார். சிரித்தது தப்பு என்று பட்டிருக்க வேண்டும். உடனே முகத்தைத் திருத்திக்கொண்டார்.

"நல்லது. இப்ப என் சந்தேகத்தைக் கேளுங்க. இந்தத் தட்டுல இருக்கற டீசல்ல அரைப்படிச் சேறு கரைஞ்சிருக்கு. எதையோ நல்லாத் தேய்ச்சுக் கழுவியிருக்கார். எதை? வண்டியில இருக்கற பழைய ஆக்சில்ல பிரஷ்ஷே படல. இதுலயும் மண்ணு அப்படியே இருக்கு. அப்ப அவர் கழுவினது எங்க?"

செடிக்காரர் குனிந்து தட்டுக்குள் பார்த்தார்.

"ரெண்டாவது. ஆறு மணிக்கு உள்ள சங்கிலிச் சத்தம் கேட்டிருக்கு. சங்கிலியால தூக்கறதுக்கு அந்த நேரத்துல இங்க என்ன இருந்துது? பழசைக் கழட்டவே ஆரம்பிக்கல. தரையில கிடக்கற புதுசை யாரும் தூக்க வேண்டிய கட்டமே வரல. ஆனா கொக்கி அந்தப் பக்கம்தான் நிக்குது. ஒண்ணைத் தூக்கி வெளிய ஏத்தியிருக்காங்க. இன்னொண்ணை இறக்கி வச்சிருக்காங்க."

பெயின்டர் அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார்.

"மூணாவது இந்தக் கம்பி." இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து இரண்டு வளையங்களையும் எடுத்தார். சின்னதை ஆக்சில் குழாயின்மேல் வைத்துக் காட்டினார்; பொருந்தியது. பெரியதை வைத்தார், சுற்றிலும் இடைவெளி. "ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கம்பி. காலையில வந்த ஆக்சில்மேல அவரே சுத்தினது. லேத்துக்காரர் கம்பி சொன்னபடிதான் வளைச்சார். அப்படின்னா காலையில வந்த ஆக்சில் ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் தடிமன். எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்யாது. உடைஞ்ச குழாய் மேல யாரோ ஒரு பட்டையைச் சுத்தி வெல்டிங் வச்சிருந்தாத்தான் அப்படி இருக்கும்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஒரு மோதிரம் மாதிரி."

அவளுக்குத் தம்பியின் குரல் கேட்டது. அத்தான் என் வண்டிக்கு மோதிரம் போட்டு விட்டுட்டார். சிரித்துக்கொண்டு சொன்ன அந்த முகம், பல் வரிசை, எண்ணெய் வழிந்த நெற்றி.

"காலையில அளவெடுக்கும்போது, யாரோ ஒட்டுப் போட்ட ஆக்சில்னு மட்டும் நினைச்சிருப்பார்" என்றார் இன்ஸ்பெக்டர். "டீசல் ஊத்திக் கழுவினப்பதான் வெல்டிங் வெளிய தெரிஞ்சிருக்கு. அவங்க அவங்க வச்ச வெல்டிங், அவங்க அவங்க கையெழுத்து மாதிரி. இது தன் கை. தன் மச்சான் வண்டி. நாலு வருஷமா காணாமப் போன வண்டி. அதான் மதியம் சோறு இறங்கல. வீட்டுல சொன்னா வீண் ஆசை கொடுத்த மாதிரி ஆயிடும்னு, கொடுத்தவரையே கேட்டார். மூணரை மணிக்கு. இது எங்கிருந்து வந்துதுன்னு."

"மேடம், நான் ஆயிரம் வண்டி உடைக்கறேன்" என்றார் தராசு. குரல் தடித்திருந்தது. "எது யாருதுன்னு எனக்கு எப்படி..."

"அதைத்தான் நீங்க சொல்லியிருக்கணும். தெரியாம வாங்கினேன்னு. சொல்லியிருந்தா உங்களை நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆனா நீங்க, சாயங்காலம் வர்றேன்னு அவரைக் காக்க வச்சு, தலையில அடிச்சு, வண்டி அடியில தள்ளி ஜாக்கியைத் திறந்து விட்டீங்க. ஜாடையில அதே மாதிரி இன்னொரு ஆக்சிலைக் கொண்டு வந்து போட்டுட்டு, இதுதான் அதுன்னு இப்ப எல்லார் முன்னாடியும் சொல்றீங்க. மண்ணோட அப்படியே கொண்டு வந்தீங்க. மேசையில இருந்த போல்ட்டைப் பார்த்தும் விட்டுட்டீங்க. ஏன் தெரியுமா? இரும்பைப் பார்த்தா உங்களுக்கு எடைதான் தெரியும். நாலு போல்ட், இவ்வளவு எடை. எதுல எது பொருந்தும்னு நீங்க ஒரு நாளும் பார்த்ததில்ல."

தராசு வாசலைப் பார்த்தார். அங்கே ஏட்டு மட்டும் இல்லை. இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். இறக்கிய சத்தத்தில் தரை அதிர்ந்தது. சாக்கை விலக்கினார்கள். கேஸ் வைத்து வெட்டிய ஆக்சில் துண்டு. முழம் நீளம். நன்றாகக் கழுவியிருந்தது.

"நீங்க இங்க இருந்த நேரத்துல உங்க யார்டுல தேடச் சொல்லியிருந்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அம்மா, இதைப் பாருங்க."

அவள் மண்டியிட்டாள். குழாயைச் சுற்றி ஒரு பட்டை. அதன் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன வளைவுகளாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கிய காசுகளைப் போல வெல்டிங். வீட்டு ஜன்னல் கம்பியில், தண்ணீர்த் தொட்டியின் காலில், அவளுடைய தையல் மிஷின் பெடலில், எங்கெங்கும் அவள் தினமும் பார்க்கும் அதே வளைவுகள். இன்ஸ்பெக்டர் பெரிய கம்பியை நீட்டினார். அவளே அதைப் பட்டையின்மேல் மாட்டினாள். வெல்டிங் மேட்டின்மேல் கம்பியின் எம்பல் சரியாக ஏறிப் படிந்தது. இம்மி ஆடவில்லை.

"அவர் கைதான்" என்றாள்.

பிறகு எழுந்து, தராசின் எதிரில் போய் நின்றாள். அவர் மார்பு உயரம்தான் இருந்தாள்.

"என் தம்பி எங்கே?"

தராசு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"என் தம்பி எங்கேன்னு கேட்டேன்."

"எடை மேடை" என்றார் அவர். பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "எடை மேடைக்கு அடியில."

அன்று சாயங்காலம் யார்டில் கான்கிரீட்டை உடைத்தார்கள். அவள் வெளியே தெருவில் நின்றிருந்தாள். பெயின்டர் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டார், உட்காரவில்லை. செம்புக் கம்பி லோடுக்காக நடந்தது என்றும், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு யார்டில் வண்டியை நிறுத்தினான் என்றும் பிறகு சொன்னார்கள். மற்றதைக் கேட்க அவள் விரும்பவில்லை. நான்கு வருடமாகக் காய்கறிப் பையோடு அந்தக் கேட்டைக் கடந்து போயிருக்கிறாள். கடக்கும்போது சில நாள் அவனை மனதுக்குள் திட்டியிருக்கிறாள். எங்கேயோ போய் நன்றாக இருக்கிறான் பாவி, அக்காவை மறந்துவிட்டான் என்று.

அவன் எங்கேயும் போகவில்லை. பக்கத்துத் தெருவில்தான் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றார். "ரெண்டு பேர் பேரையும் திருத்தி எழுதியாச்சும்மா" என்றார்.

செடிக்காரருக்கு வேறொரு இடத்திலிருந்து ஆக்சில் கிடைத்தது. பெயின்டர் அதை மாட்டினார். தம்பி செய்யக் கண்டதை நினைவில் வைத்து, இரண்டு இடத்தில் தப்புச் செய்து, கழற்றி மறுபடி மாட்டினார். ஷெட்டை விற்கும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

வண்டி போய்ப் பத்து நாள் கழித்து ஒரு காலையில் செடிக்காரர் திரும்பி வந்தார். வண்டி நிறையச் செடிகள். இறங்கி, கூச்சத்தோடு நின்றார்.

"என்ன, ஏதாவது சத்தமா?" என்றார் பெயின்டர்.

"இல்ல. வண்டியை விட வந்த அன்னைக்கு அவர் சொன்னார். மாட்டினதுக்கப்புறம் கொஞ்ச நாள் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டு வா, போல்ட்டை மறுபடி இறுக்கணும், மறந்துடாதேன்னு. அதான்."

பெயின்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அப்படியே அடியில் போகக் குனிந்தார்.

"இருங்க மாமா" என்றாள் அவள்.

ஜாக்கியை அடித்துத் தூக்கினாள். ஓரத்தில் இருந்த ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து இரண்டு பக்கமும் வைத்தாள். திருகைத் திறந்து, வண்டியை அவற்றின்மேல் இறக்கினாள். பிறகு பின்பக்கம் போய், கால்களை ஊன்றி, இடுப்பால் ஒரு இடி இடித்தாள்.

மேலே செடிகளின் இலைகள் சலசலத்தன. வண்டி ஆடவில்லை.

"ம்" என்றாள். "இப்பப் போங்க."